இமிகிரேஷன் வரைக்கும் போன பரோட்டா மாஸ்டர்

எங்க சந்துல யாராவது பால் வாங்க போய், கடை மூடிக்கீதுன்னு வெறுங்கையோட திரும்பி வந்தா, "இன்னா மச்சி, இமிகிரேஷனா?"ன்னு கேப்பாங்க. படத்துக்கு போய் டிக்கெட் கெடைக்காம வந்தா இமிகிரேஷன். பொண்ணு பாக்க போய் பஜ்ஜி மட்டும் துன்னுட்டு வந்தா அதுவும் இமிகிரேஷன். மந்தைவெளில எங்க சந்துல மட்டும் தான் அந்த வார்த்தைக்கு இந்த அர்த்தம். வேற எந்த ஊர்லயும் கெடையாது, எந்த புஸ்தகத்துலயும் கெடையாது. இத்த கண்டுபுடிச்ச விஞ்ஞானி நான் தான். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன் தமிழுக்கு இவ்ளோ செஞ்சா போதாதா?

இப்ப பெசன்ட் நகர் பீச்சுல பரோட்டாவும் மீன் வறுவலும் போட்டுக்கினு கீறேன். டிசம்பர் ஆச்சுன்னா வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வந்தவங்க கூட்டம் அலமோதும். பிளாஸ்டிக் சேர்ல குந்திக்கினு அவங்க பேசற பேச்சுல எப்படியும் அந்த வார்த்த வந்துடும். நான் கல்லுல எண்ணெய் ஊத்திக்கினே காத குடுப்பேன். பக்கத்து சோளக்கடையில நின்ன மயிலாப்பூர் மாமி ஒருத்தங்க, "இமிகிரேஷன்ல ரெண்டு மணி நேரம் நிக்க வெச்சுட்டான், காலெல்லாம் வீங்கிப் போயிடுத்து. ஆத்துல போட்ட ஊறுகாயையும் எடுத்து குப்பையில போட்டுட்டான்"னு சொல்லிக்கினு இருந்தாங்க. அவங்களுக்கு அது ஒரு க்யூ, ஊறுகாய் துன்ற க்யூ. தாடி வெச்ச பையன் ஒருத்தன், "இமிகிரேஷன் இன்னும் வரலடா, ஊருக்கு வந்தா திரும்ப போக முடியுமான்னு பயமா கீது"ங்கறான். அவனுக்கு அது ஒரு பேப்பரு. அந்த பேப்பரு வரலன்னா பரோட்டா கூட எறங்கல அவனுக்கு, பாதிய வெச்சிட்டான். எனக்கு தான் மனசு கேக்கல, என் பரோட்டாவ எவனும் பாதி வெச்சதில்ல.

நான் அந்த வார்த்தய மொத மொத கேட்டது சாந்தோம்ல, டவுசர் போட்ட வயசுல. எங்கம்மா அங்க ஒரு வூட்ல பாத்திரம் தேச்சுக்கினு இருந்துச்சு. அந்த வூட்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே டீச்சருங்க. ஞாயித்துக்கெழம சர்ச்சு பூசைக்கு போறப்ப அந்த குடும்பமே கஞ்சி போட்ட துணியில மொடமொடன்னு நடக்கும். ஒரு நாள் டீச்சரம்மா எங்கம்மா கைய புடிச்சுக்கினு, "எங்களுக்கு இமிகிரேஷன் வந்துடுச்சு"ன்னு அழுதாங்க. எங்கம்மா ஏதோ பெரிய வியாதின்னு நெனச்சு கூட சேந்து அழுதுச்சு. அப்பால தான் தெரிஞ்சுது, குடும்பத்தோட கனடாவுக்கு போய் அங்கயே தங்கப் போறாங்கன்னு. அவங்க அங்க போனாங்க. அவங்க வூட்டு மிக்ஸியும் ரெண்டு மர ஸ்டூலும் எங்க வூட்டுக்கு இமிகிரேஷன் ஆச்சு. அந்த மிக்ஸி போட்டா சந்து முழுக்க கேக்கும். சட்னி எங்களுக்கு மட்டும் தான், சத்தம் எல்லாருக்கும். அந்த ஸ்டூல்ல ஏறி குந்தறப்பல்லாம் கனடாவே எனக்கு கீழ கீற மாதிரி ஒரு கெத்து வரும்.

வளந்தப்புறம் தி.நகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாய் கடையில பரோட்டா அடிக்க சேந்தேன். பாய் குடும்பம் அவங்க தாத்தா காலத்துல இருந்து அங்க கடை வெச்சுக்கீறவங்க. வூட்ல உருது, கடையில தமிழு, கறிக்காரங்கிட்ட ரெண்டும் கலந்து. அவங்க சொந்தக்காரங்க பாதி பேரு சவுதி, துபாய்னு போவாங்க வருவாங்க. யாராவது கெளம்பறாங்கன்னா பாய் போன்ல கேக்கற மொத கேள்வி, "இமிகிரேஷன் அடிச்சாச்சா?" அவருக்கு அது ஒரு முத்திரை. முத்திரை வுழுந்துச்சுன்னு கேட்டாத்தான் போன வெச்சிட்டு டீ குடிப்பாரு. நானும் மாவ பெசஞ்சுக்கினே நெனச்சுக்குவேன், அந்த முத்திரை ஒரு நாள் நம்ம மேலயும் வுழுந்தா சோக்கா இருக்குமேன்னு. அப்ப அது சும்மா ஆசை தான். அவசியமா மாறுனது ஊரூர் குப்பத்துல.

பாய் கடையில மத்தியான மீன் கொழம்புக்கு மீன் வாங்கற வேலையும் எனக்குத்தான். காலைலயே பெசன்ட் நகர் பீச்சோரம் கீற ஊரூர் குப்பத்துக்கு போய்டுவேன். அங்க ஒரு மீன்காரம்மா. வஞ்சிரத்த வால புடிச்சு தூக்கி காட்டுனாங்கன்னா, வாங்காம திரும்பற தைரியம் எவனுக்கும் கெடையாது. புருஷன் இல்ல. ரெண்டு பொண்ணுங்களயும் மீன் வித்தே வளத்தவங்க. பெரியவளுக்கு கல்யாணம் ஆயி அம்மா வூட்லயே கீறா, ஏன்னா புருஷன் குவைத்துல. சின்னவ பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டு தி.நகர்ல துணிக்கடையில சேல்ஸ்கேர்ளா போய்க்கினு இருந்தா.

நான் மீன் பையோட பஸ்ல ஏறுனா, கண்டக்டரு மூஞ்ச சுளிப்பாரு, எனக்கு பக்கத்து சீட்டும் தன்னால காலியாயிடும். அந்த காலி சீட்டுல தெகிரியமா வந்து குந்துனவ அந்த சின்ன பொண்ணு ஒருத்தி தான். மீன்காரம்மா பொண்ணுக்கு மீன் வாசனை இன்னா புதுசா? பெசன்ட் நகர்ல இருந்து தி.நகர் வரைக்கும், அடையாறு சிக்னல்ல பஸ்ஸு நின்னா நிக்கட்டும்னு வேண்டிக்கினு ரெண்டு பேரும் பேசிக்கினே போவோம். பேசறது பூரா நானு. சிரிக்கறது அவ. மீனு மட்டும் நடுவுல கெட்டுப்போய்க்கினு இருக்கும். பாய் ஒரு நாள், "தம்பி, சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கோ, என் கொழம்பு நாறுது"ன்னு சொல்லிட்டாரு.

விஷயம் அவங்கம்மாவுக்கு போச்சு. அவங்க கத்தல, கைய ஓங்கல. மீன் அரிஞ்சுக்கினே, என்ன நிமுந்து கூட பாக்காம சொன்னாங்க.

"பெரியவளுக்கு குவைத் மாப்ள எடுத்துக்கீறேன். சின்னவள பரோட்டாவுக்கு குடுத்தா குப்பத்துல எவன் என்ன மதிப்பான்? குவைத் மாப்ளயோட தம்பி வேற இவள கேட்டுக்கினு கீறான். நீயும் ஃபாரின் போ. போனேன்னா அவனுக்கு இல்லன்னு சொல்றேன். போவலன்னா, மீன் வாங்க கூட இந்த பக்கம் வராத."

அன்னைக்கு சங்கரா மீன வாங்கிக்கினு பஸ்ல ஏறுனப்ப, மீனும் நானும் ஒரே மாதிரி முழிச்சுக்கினு போனோம்.

அந்த பெரிய பொண்ணு, அவ அக்கா, "எங்க வூட்டுக்காரரு இமிகிரேஷன்ல கீறாரு"ன்னு தான் எப்பவும் சொல்லும். ஏதோ செங்கல்பட்டுக்கு அப்பால ஒரு ஊரு கீற மாதிரி. அவங்களுக்கு ஒரு சின்ன பையன். அவன் அப்பாவ போன்ல தான் பாத்துக்கீறான். ஒரு தடவ அவரு லீவுல வந்தப்ப, பையன் அவர்கிட்ட ஏதாவது சொல்லணும்னா உள்ள ஓடிப்போய் போன எடுத்துக்கினு வருவானாம். அப்பா எதிர்ல குந்திக்கினு கீறாரு, இவன் போன்ல "அலோ அப்பா"ங்கறான். இத்த என் ஆளு பஸ்ல சிரிச்சுக்கினே தான் சொன்னா. சொல்லி முடிச்சிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கினா. நான் காமெடின்னு நெனச்சு கெக்கெக்கேன்னு சிரிச்சேன். மூளை அவ்ளோ தான்.

பாய்க்கு துபாய்ல ஒரு சொந்தக்காரரு ஓட்டல் வெச்சுக்கீறாரு. என் பரோட்டாவ இங்க துன்னு பாத்தவரு, வான்னுட்டாரு. ஒழுங்கா வேல விசா எடுத்து போறதுன்னா லேட்டாவும்னு சொன்னாங்க. பாய், "பொறு தம்பி, ஒழுங்கா போ"ன்னாரு. எனக்கு எங்க பொறுக்கும்? நான் பொறுத்தா குவைத் தம்பி தாலி கட்டிட்டு போய்டுவான். ஒரு ஏஜெண்ட்ட புடிச்சேன். அவரு, "சுத்தி பாக்க போற மாதிரி விசிட்டு விசால போய்டு, அங்க போய் மாத்திக்கலாம்"னாரு. நல்லா பேசுனாரு, வெள்ளை சட்டை, நெத்தியில பட்டை. நம்பறதுக்கு எனக்கு அவ்ளோ போதும்.

பாஸ்போர்ட்டு வந்துச்சு. அதுல ஒரு பக்கத்துல ஈ.சி.ஆர்.னு போட்டுக்கீதுன்னு என் ஆளு படிச்சு சொன்னா. எனக்கு தெரிஞ்ச ஈ.சி.ஆர். திருவான்மியூர்ல ஆரம்பிச்சு கடலோரமா போற ரோடு. ரோட்டு பேர எதுக்கு என் பாஸ்போர்ட்ல போட்டாங்கன்னு ஏஜெண்ட்ட கேட்டேன். அவரு தலையில அடிச்சுக்கினு வெளக்குனாரு. பத்தாவது பாஸ் பண்ணாதவன் அந்த மாதிரி சில நாட்டுக்கு வேலைக்கு போனா, கவருமெண்ட்டு ஆபீஸ்ல விசாரிச்சு, சரின்னு சொன்னாத்தான் அனுப்புவாங்களாம். படிக்காதவன் வெளிநாட்டுல ஏமாந்துடக் கூடாதாம், அதுக்கான அடையாளமாம் அது. நான் உள்ளூர்லயே தெனமும் ஏமாந்துக்கினு கீறேன், அத்த எவனும் விசாரிச்சதில்ல.

"அதனால நீ இமிகிரேஷன்ல வேலைன்னு வாயே தொறக்க கூடாது. டூருன்னு தான் சொல்லணும்"னு ஏஜெண்ட்டு சொல்லி அனுப்புனாரு.

என்ன தயார் பண்ணது என் ஆளு தான். தெனமும் பஸ்ல அவ தான் இமிகிரேஷன் ஆபீசரு. துப்பட்டாவ இழுத்து வுட்டுக்கினு, கொரல மாத்திக்கினு, "எதுக்கு போறீங்க?"ன்னு கேப்பா. நான், "டூரு மேடம்"பேன். "இன்னா பாக்க போறீங்க?" "உங்களத்தான் மேடம்." மீன் பைய தூக்கி தொடையில ஒண்ணு வைப்பா. "டேய், சிரிக்காம சொல்லு. உன் வாய் தான் உனக்கு எதிரி." பின் சீட்டுல குந்திக்கீறவங்க கூட சொல்லித்தர ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு பெரியவரு, உசரமான பில்டிங்கு, பாலைவனம், ஒட்டகம்னு வரிசையா சொல்லு, சந்தேகம் வராதுன்னாரு. கண்டக்டரு, ஒட்டகத்த கட் பண்ணு, ஓவரா கீதுன்னாரு. இப்படி பஸ்ஸே சேந்து என்ன துபாய்க்கு தள்ளிக்கினு இருந்துச்சு. அவ கேள்வி கேக்கறதுல ஒரு நாளும் கொறை வெக்கல. ஆனா நாள் நெருங்க நெருங்க, நான் கரெக்டா பதில் சொன்னா, "ம்"னு மட்டும் சொல்லிட்டு ஜன்னல பாத்துக்குவா.

கெளம்பற நாள் வந்துச்சு. எங்க சந்துல ஃபாரின் போறவன் நான் தான் மொத ஆளு. பசங்க சும்மா இருப்பானுங்களா? சந்து முனையில ஆளுயரத்துக்கு ஃபிளக்ஸ். நான் கூலிங் கிளாஸ் போட்டுக்கினு, பின்னாடி ஏரோப்ளேன், பக்கத்துல ஒரு சிங்கம். சிங்கத்துக்கும் துபாய்க்கும் இன்னா சம்பந்தம்னு கேட்டேன், கெத்துக்கு மச்சின்னானுங்க. அது பத்தாதுன்னு ரங்கநாதன் தெரு பக்கம் ஒரு கடையில குடுத்து ஆளாளுக்கு டீ-சர்ட்டு அடிச்சிட்டானுங்க. நெஞ்சுல என் மூஞ்சி, முதுகுல எழுத்து. எனக்கும் ஒண்ணு. ஏர்போர்ட்டுக்கு போற வேன்ல, எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாத்தான் போட்டோ நல்லா வரும்னு, நான் போட்டுக்கினு இருந்த சட்டைய உருவி இத்த மாட்டி வுட்டானுங்க. முன்னாடி பாத்தேன். என் போட்டோ, ஏரோப்ளேன். டூரு போறவன் மாதிரி தான் கீதுன்னு நெனச்சேன். முதுகு பக்கம் எவன் பாத்தான்? நம்ம போட்டோ போட்ட எதுலயாவது நம்ம எழுத்த படிப்போமா?

ஏர்போர்ட்டு வாசல்ல மாலை போட்டு, விசிலடிச்சு, செக்யூரிட்டி வந்து தொரத்தற அளவுக்கு பண்ணானுங்க. எங்கம்மா என் காதுல விபூதியும் மூக்குல முத்தமுமா, எங்க இன்னா வெக்கறதுன்னு தெரியாம அழுதுச்சு. என் ஆளு அரை நாள் லீவு போட்டுட்டு வந்து கொஞ்சம் தள்ளி நின்னுக்கினு இருந்தா. பசங்க எங்கம்மாவ வேனுக்கு கூட்டிக்கினு போனப்புறம் கிட்ட வந்தா. கண்ணாடி கதவு வரைக்கும் நான் பொட்டி வண்டிய தள்ளிக்கினு முன்னாடி போறேன், அவ பின்னாடி வர்றா.

"ஆபீசர் மூஞ்ச பாத்து பேசு"ன்னு பின்னாடி இருந்து சொன்னா. "சிரிக்காத. தேவயில்லாம வாய வுடாத."

"சரி மேடம்"னேன்.

அப்பால அவ பேசவே இல்ல. கதவுகிட்ட போய் திரும்பி பாத்தேன். அவ வாய் லேசா தொறந்துக்கினு இருந்துச்சு. ஏதோ சொல்ல வர்றான்னு நின்னேன். மூடிக்கினா. "சரி, போ"ன்னா.

உள்ள பொட்டிய போட்டு, போர்டிங் அட்டை வாங்கி, இமிகிரேஷன் க்யூல நின்னேன். எனக்கு பின்னாடி ஒரு பையன், என்ன மாதிரியே பயந்துக்கினு. அவனுக்கும் விசிட்டு தானாம். என் நம்பர் வந்துச்சு. கண்ணாடிக்கு அந்த பக்கம் ஒரு ஆபீசரு, நம்ம ஊரு ஆளு, கண்ணாடி போட்டவரு. எதுக்கு போறீங்கன்னாரு. டூருன்னேன். எங்க தங்குவீங்கன்னாரு, ஓட்டல் பேர சொன்னேன். இன்னா பாப்பீங்கன்னாரு, உசரமான பில்டிங்கு சார், பாலைவனம் சார்னேன். ஒட்டகம் தொண்டை வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். ரிட்டன் டிக்கெட்ட காட்டுனேன். பாஸ்போர்ட்ட பொரட்டி பொரட்டி பாத்தாரு. முத்திரைய கையில எடுத்துட்டாரு. சத்தியமா எடுத்துட்டாரு, நான் பாத்தேன்.

இந்த எடத்துல எவனா இருந்தாலும் கம்முனு நிப்பான். எனக்கு ரொம்ப சந்தோசமாயிடுச்சு. பின்னாடி நடுங்கிக்கினு நின்ன பையன் பக்கம் திரும்பி, "பயப்படாத நைனா, சாரு தங்கமான மனுசன்"னு சொன்னேன்.

"தம்பி"ன்னு ஒரு சத்தம். "அப்படியே நில்லுங்க. திரும்பாதீங்க."

அவரு சத்தமா, நிதானமா, ஸ்கூல்ல வாசிக்கற மாதிரி என் முதுக வாசிச்சாரு. "துபாய் ஓட்டலுக்கு பரோட்டா மாஸ்டராகப் போகும் எங்கள் அண்ணனை வாழ்த்தி வழியனுப்பும் மந்தைவெளி நண்பர்கள்."

க்யூல யாரோ சிரிக்க ஆரம்பிச்சு, அப்பால எல்லாரும். அந்த பையனும் சிரிச்சான், துரோகி.

"டூரா?"ன்னாரு.

"சார், டூரு போற எடத்துல சும்மா இருக்க வேணாமேன்னு..."

அவரும் சிரிச்சிட்டாரு. ஆனா முத்திரைய கீழ வெச்சிட்டாரு. ஓரமா ஒரு ரூம்ல குந்த வெச்சு, தண்ணி குடுத்து, வேற ஒருத்தரு வந்து பொறுமையா சொன்னாரு. இந்த விசால போய் அங்க வேல செஞ்சு மாட்டிக்கினா கேக்க ஆள் கெடையாது, ஒழுங்கான விசால, விசாரிச்சு அனுப்பற வழியில போங்க, உங்க நல்லதுக்கு தான்னு. நான் தலைய ஆட்டிக்கினே இருந்தேன். எல்லாருக்கும் ஒரு இமிகிரேஷன் கீது, க்யூ, பேப்பரு, முத்திரை, ஊருன்னு. எனக்கு அது அந்த ரூம்ல கீற இரும்பு நாற்காலி. அதுல குந்திக்கினு என் ஃப்ளைட்டு கெளம்பற அறிவிப்ப கேட்டேன். அந்த குவைத் தம்பி தான் கண்ணு முன்னாடி வந்து நின்னான். மாலையோட.

பொட்டி திரும்ப கைக்கு வர சாயங்காலம் ஆயிடுச்சு. பசங்க வேன் எப்பவோ போய்டுச்சு. சட்டைய மாத்தலாம்னா, பொட்டி சாவிய ஒரு மச்சி பத்திரமா வெச்சுக்கறேன்னு பாக்கெட்ல போட்டுக்கினு போய்ட்டான். உல்டாவா போட்டு பாத்தேன். மலிவு துணி, எழுத்து அந்த பக்கமும் தெரியுது, கண்ணாடியில பாக்கற மாதிரி. மறுபடி நேரா போட்டுக்கினு திரிசூலத்துல ரயில் ஏறுனேன். முதுக பெட்டி செவுத்துல ஒட்ட வெச்சுக்கினு நின்னேன். பரங்கிமலைல கூட்டம் ஏறி என்ன தள்ளி நடுவுல நிக்க வெச்சிடுச்சு. ஒரு பெரியவரு முதுக தட்டி, வாழ்த்துக்கள் தம்பி, நல்லா சம்பாதிச்சு அம்மாவ பாத்துக்கோன்னாரு. தேங்க்ஸ் சார்னேன். காலேஜ் பசங்க, அண்ணா எப்ப ஃப்ளைட்டுன்னானுங்க. இப்ப தான்டான்னேன். கிண்டி வர்றதுக்குள்ள பெட்டி பூரா எனக்கு கை குடுத்துடுச்சு. ஃபாரின் போறவன் எதுக்குடா ஏர்போர்ட்டுக்கு எதிர் பக்கம் போறான்னு ஒருத்தனும் கேக்கல.

சைதாப்பேட்டைல எறங்கினப்ப ரெண்டு வழி இருந்துச்சு. எங்க சந்துக்கு போய் அந்த ஆளுயர ஃபிளக்ஸுக்கு கீழ பொட்டியோட நடக்கறது ஒண்ணு. இன்னொண்ணு குப்பம். எப்படியும் விஷயம் அவங்கம்மா காதுக்கு போய்டும், குவைத் தம்பிக்கு சரின்னு சொல்லிடுவாங்க. அந்த கேவலத்த வேற எவனோ போய் சொல்றதுக்கு நானே சொல்லிடலாம்னு பஸ் ஏறுனேன்.

குப்பத்துல படகெல்லாம் மேல ஏத்தி போட்டுக்கீது. வூட்டு வாசல்ல அவங்கம்மா மிஞ்சுன மீன சுத்தம் பண்ணிக்கினு இருந்தாங்க. அக்காவும் பையனும் பக்கத்துல. என் ஆளு கடைக்கு திரும்ப போவல போல, கண்ணெல்லாம் செவந்து உள்ள இருந்து எட்டி பாத்தா. நான் பொட்டிய கீழ வெச்சிட்டு, செவுத்துல முதுக ஒட்டிக்கினு நின்னேன். அது அதுக்குள்ள பழக்கமாயிடுச்சு.

"இன்னாடா பரோட்டா," அவங்கம்மா அரிவாமனைய வுட்டு எழுந்திருக்கல. "ப்ளேனு பஞ்சரா?"

"அனுப்பிட்டாங்க அத்தே." அது வரைக்கும் அவங்கள யக்கான்னு தான் கூப்டுவேன். அன்னைக்கு இழக்க ஒண்ணும் இல்லன்னு அத்தேன்னுட்டேன்.

"எதுக்கு அனுப்புனான்? இவ தான் பஸ்ல கேள்வி பதிலு எல்லாம் சொல்லிக்குடுத்தாளே."

"பதிலு கரெக்டா தான் சொன்னேன். சட்டையில எழுதிக்கீறத படிச்சிட்டாங்க."

"சட்டையில இன்னா எழுதிக்கீது?"

நான் வாய தொறக்கறதுக்குள்ள என் ஆளு சொன்னா. துபாய் ஓட்டலுக்கு பரோட்டா மாஸ்டராகப் போகும்னு ஆரம்பிச்சு, மந்தைவெளி நண்பர்கள் வரைக்கும், ஒரு எழுத்து வுடாம.

அவ எனக்கு நேரெதிர்ல நிக்கறா. என் முதுகு செவுத்துல கீது.

எனக்கே புரிஞ்சிடுச்சுன்னா பாத்துக்கோங்க. அவங்கம்மாவுக்கு என்ன விட சீக்கிரமா புரிஞ்சுது. கையில இருந்த மீன கீழ வெச்சாங்க.

"நீ எப்படி படிச்ச?"

"ஏர்போர்ட்டுல. இவன் பின்னாடி போனேன்ல."

"படிச்சிட்டு, சட்டைய மாத்துடான்னு சொல்லாம வுட்டியா?"

அவ அக்காவ பாத்தா. அக்கா மடியில பையன் போன வெச்சுக்கினு அழுத்திக்கினு இருந்தான்.

"சொல்லத்தான் வந்தேன்"னா. "வாய் வரலம்மா."

அக்கா எழுந்து, பையன தூக்கிக்கினு உள்ள போய்டுச்சு. அத்தை ரொம்ப நேரம் அந்த கதவயே பாத்துக்கினு இருந்தாங்க. அப்பால எம்மேல திரும்புனாங்க. நான் அரிவாமனை எவ்ளோ தூரத்துல கீதுன்னு பாத்துக்கினேன்.

"என் கூடையில இருந்து போன மீன நான் திரும்ப எடுத்ததே கெடையாது. எவன் கொண்டாந்தாலும் தொரத்தி வுட்டுக்கீறேன்"னாங்க. கைய கழுவுனாங்க. முந்தானையில தொடச்சாங்க. "செவுத்த வுட்டு வாடா. சுண்ணாம்பு ஒட்டிக்க போவுது. காலைல இருந்து ஏதாவது துன்னியா இல்லியா?"

இல்லன்னேன். உள்ள திரும்பி, "ஏய், அவனுக்கு தட்டு வை"ன்னு பொண்ணுகிட்ட சொன்னாங்க. "நாளைக்கு உங்கம்மாவ கூட்டிக்கினு வா"ன்னு எங்கிட்ட சொன்னாங்க. குவைத் தம்பி பேச்ச அவங்களும் எடுக்கல, நானும் எடுக்கல. சுடு சோறு, சங்கரா மீன் கொழம்பு. என் ஆளு பரிமாறிட்டு எதிர்ல குந்திக்கினா. நான் அவள பாக்கறேன், அவ என் தட்ட பாக்கறா. எங்கிட்ட அவ்ளோ பெரிய திருட்டுத்தனம் பண்ணவ, முள்ளு பாத்து துன்னுன்னு மட்டும் சொன்னா.

போன் அடிச்சுது. எங்க சந்து பசங்க. இந்நேரம் எறங்கியிருக்கணும்னு கணக்கு போட்டு, ஸ்பீக்கர்ல போட்டுக்கினு எல்லாரும் சுத்தி நிக்கறானுங்க, அந்த ஃபிளக்ஸுக்கு கீழயே.

"மச்சி, ரீச் ஆயிட்டியா?"

வாயில சோறு. அத்தைய பாத்தேன். அவங்க வேற பக்கம் பாத்துக்கினு சிரிப்ப அடக்கிக்கினு இருந்தாங்க.

"ஆங். ரீச் ஆயிட்டேன்டா."

அந்த பக்கம் விசிலு, கைதட்டலு. "செம மச்சி! அங்க சாப்பாடுலாம் எப்டி கீது?"

"சங்கரா மீன் கொழம்பு"ன்னேன்.

அந்த பக்கம் விசிலு நின்னு, ஒருத்தன் மெதுவா கேட்டான், "இன்னா மச்சி, இமிகிரேஷனா?"